பித்தளைப் பலகையும் பதினோரு நாளும்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உன் நலமும், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று நீ அளக்கும் கதையின் நலமும் அறிய ஆவல். உன் அக்கா மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை, அவள் அம்மாவைப் போலவே. நீ முப்பது பேருக்குத் தலைவனாகிவிட்டாய் என்று படித்ததும் அப்பா இரண்டு முறை மூக்கைச் சிந்தினார், கேட்டால் ஜலதோஷமாம்.

உன் நிறுவனத்துக்கு நீ எழுதிய தொலைநோக்கு வாசகத்தை அனுப்பி எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். எங்கள் சக்கர நாற்காலிப் பட்டறைக்கும் போன மாதம் ஒன்று எழுதினோம், எழுதிய ஐந்து மேதைகளில் உன் அம்மாவும் ஒருத்தி. எதைக் கேட்டாலும் திரையில் படம் போட்டுக் காட்டுவதால் புது மேலாளருக்கு ஸ்லைடு என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் மூன்று நாள் எங்களை மாடியில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தார். கடைசியில், தரம், புதுமை, வேகம், அன்பு ஆகியவற்றால் நடமாட்டத்தின் எதிர்காலத்தை வடிவமைக்கும் முன்னணி நிறுவனமாகத் திகழ்வோம் என்று ஒன்று பிறந்தது. அதில் அன்பு நான் போட்டது. பித்தளையில் பொறித்து வாசல் கதவில் மாட்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் பட்டறை நடந்த அழகைக் கேள். தரம் என்று போட்டிருக்கிறதே என்று வெல்டர் ஒரே இணைப்பை மூன்று முறை பற்றவைத்தார். புதுமை என்று போட்டிருக்கிறதே என்று வடிவமைப்பாளர் இருந்த இரண்டு மெக்கானிக்குகளையும் கண்காட்சி நாற்காலி செய்ய இழுத்துக்கொண்டு போனார். வேகத்துக்காக, வரவேற்பில் இருக்கும் பெண் வந்த பழுதுக்கெல்லாம் ஒரே நிமிடத்தில் சீட்டு ஒட்டி மூலையில் அடுக்கினாள். யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லோரும் பலகைப்படிதான் நடந்தார்கள். ஆளாளுக்கு நாட்டாமை.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரம்மாவின் நாற்காலியை அவர் தம்பி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பின்சக்கரத்து அச்சு முறிந்திருந்தது, அரை நாள் வேலை. பதினோரு நாள் கிடந்தது. பதினோரு நாளும் அந்த அம்மா கட்டிலைவிட்டு இறங்கவில்லை, கடையும் திறக்கவில்லை, குளிக்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கினால்தான் உண்டு. பன்னிரண்டாம் நாள் நானே அச்சை மாற்றி, நானே தள்ளிக்கொண்டு போனேன், திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் திட்டவில்லை. முன்னாடி உங்க கதவுல, இன்னைக்கு உடைஞ்சா நாளைக்கு உருளும்னு சாக்பீஸ்ல எழுதியிருக்குமேக்கா, அது இருந்திருந்தா ரெண்டாம் நாளே ஆளை விட்டுச் சண்டை போட்டிருப்பேன், இப்ப ஏதோ பலகை மாட்டியிருக்கீங்கன்னு தம்பி படிச்சுச் சொன்னான், அதை வச்சு என்னன்னு சண்டை போடறது என்று கேட்டார். அந்தச் சாக்பீஸ் வரியை ஈரத்துணியால் துடைத்தவளும் நான்தான், பலகைக்கு இடம் வேண்டுமே. மறுநாள் ஸ்லைடிடம் போய், பழைய சாக்பீஸ் வரியையே மறுபடி எழுதிவிடலாம் என்று சொன்னேன். அதெல்லாம் அன்புங்கிற வார்த்தையிலேயே அடங்கிடுதும்மா என்றார்.

உன் வாசகத்தை மூன்று முறை படித்தேன். மாற்றத்தின் முன்னோடி என்று ஜோராகத்தான் இருக்கிறது. எங்கள் பட்டறைக்கும் பொருந்தும், தெருமுனை சலூனுக்கும் பொருந்தும். நாளைக் காலையில் உன் ஆட்கள் எதை முதலில் கையில் எடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது மட்டும் அதில் இல்லை. சொன்னியே, செஞ்சியா என்று ஒருவர் வந்து உன் சட்டையைப் பிடிக்கிற மாதிரி ஒரு வரி எழுது. பயமாகத்தான் இருக்கும், அந்தப் பயத்துக்குத்தான் உனக்குச் சம்பளம்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும். பல் டாக்டரைப் போய்ப் பார், ஆறு மாதமாகச் சொல்கிறேன். பலகையை நேற்று நானே கழற்றிவிட்டேன், ஸ்லைடு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். வேலை போனாலும் போகும். போனால் உன் நிறுவனத்தில் வந்து கேட்பேன் என்று பயப்படாதே, அங்கே என்ன வேலை நடக்கிறது என்று முதலில் எனக்குப் புரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா