பழைய மாருதிக்குப் பெரிய எஞ்சின்

புருஷன் மோகன்குமார் போட்டிருந்த கணக்குத்தாளை ஜமுனா இரண்டு முறை படித்தாள். பழைய மாருதி காருக்குப் பெரிய எஞ்சின் மாற்ற நாற்பதாயிரம். அதற்காகப் படகு எஞ்சினை விற்பதாம். அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே அவனுக்கு எழுதினாள்:

"யோவ், சோறும் நண்டுக் குழம்பும் அடுப்பு மேல கீது. இன்னா கணக்கு இது? கியர்பாக்ஸ் உங்க நைனாவா குடுப்பாரு? ஆர்டிஓ ஆபீஸ் செலவு எங்க? பெயிண்டுக்கு மட்டும் மறக்காம எட்டாயிரம் போட்டுக்கீற! படகு எஞ்சினை வித்துட்டு ஏரியில கார் ஓட்டியா வலை போடுவ? நான் சுண்ணாம்புக்குளம் அம்மா வூட்டுக்குப் போறேன்."

எழுதி முடித்தும் மனசு ஆறவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"ஆர்.சி. புக்கை எடுத்துனு போறேன். வேணும்னா வந்து வாங்கிக்க. இப்போ இருக்கற எஞ்சினே அம்மா வூடு வரிக்கும் வரும்."