மாங்கனிக்கு வந்தவர்கள்

ஜூலை 6, ஞாயிறு. காலை 9.40. நாற்காலி எட்டு, ஆள் இரண்டு.

வெயில். மேல்காற்று, மாடி முழுக்க மண். பெருக்கியது நான். செந்தில் நெடுங்காட்டில். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம், பாய்ச்சிவிட்டு மதியம் வருவான். மென்பொருள் கம்பெனியின் பங்குதாரர்!

புதுச்சேரி அரசின் தொழில் துறை இந்த மாடியை வாடகையில்லாமல் கொடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உள்ளூரில் மென்பொருள் வளரட்டும் என்று. நிபந்தனை ஒன்றுதான், ஆறு பேராவது இங்கே வேலை செய்ய வேண்டும். 14ஆம் தேதி திங்கள் அதிகாரி பார்க்க வருகிறார். ஆள் இல்லையென்றால் மாதக் கடைசியில் சாவி போய்விடும்.

ஒரே வழி வியாழக்கிழமை. பொங்கலுக்கு வராத காரைக்கால்காரன்கூட மாங்கனித் திருவிழாவுக்கு வருவான். சாமி ஊர்வலம், மாம்பழம் வீசுவது எல்லாம் நம் பால்கனியை ஒட்டித்தான். கூடப் படித்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். சென்னை, பெங்களூரு, ஓசூர். ‘சீட் ரெடி பண்ணு, வந்துடறோம்’ என்றவர்கள். சீட் ரெடி.

கயல் இன்னும் பதில் போடவில்லை.

ஜூலை 7, திங்கள்

கீழே மளிகைக் கடை பாய் மறுபடி பிடித்துக்கொண்டார். நெடுங்காடு, பூவம் பக்கத்து ஆட்கள் வாட்ஸ்அப்பில் குரலிலேயே லிஸ்ட் சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எழுதிக் காது வலிக்கிறதாம். அதை அப்படியே பில்லாக்க முடியுமா என்கிறார். இதெல்லாம் சில்லறை வேலை பாய் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

ஒரு இணையதளத்தில் கம்பெனியைப் பதிவு செய்ய ஒரு மணி நேரம். மாநிலம் புதுச்சேரி என்றால் பின்கோடு தப்பு என்கிறது. தமிழ்நாடு என்றால் ஏற்கிறது. எந்த ஊரில்தான் இருக்கிறோம்?

செந்திலின் யோசனை: ‘ஆறு பேருதான மாப்ள? எங்க சித்தப்பா பசங்க நாலு பேர சட்டைய இன் பண்ணி உக்கார வச்சிடுறேன். ஒருத்தனுக்கு டைப்பிங்கூட வரும்.’ திட்டினேன்.

ஜூலை 8, செவ்வாய்

கயலின் பதில். ‘வரேன். அம்மாவுக்குப் பால்கனில நல்ல எடம் வேணும்.’ எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

கல்லூரி லேபுக்குக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். நான் ஒரு வாரமாகத் தேடிய பிழையை என் பின்னால் நின்று பார்த்து, ‘முப்பதாவது வரி’ என்று சொல்லிவிட்டுப் போனவள். சென்னை போய் இரண்டு வருடம். அதன்பின் யாரும் என் பின்னால் நின்று பார்த்ததில்லை.

ஜன்னலோர மேசை அவளுக்கு. துடைத்தாயிற்று. ஃபேனுக்கு எண்ணெய்.

ஜூலை 11, வெள்ளி. காலை

நேற்று நடந்தது.

எட்டு நாற்காலியும் நிறைந்தன. எட்டும் பால்கனியில், கம்ப்யூட்டர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சப்பரம் வந்ததும் எல்லோரும் எழுந்து மாம்பழம் வீசினார்கள். கீழே தெரு முழுக்க ஏந்திய கைகள். நான் வீசியது பாய் கடையின் முன்கூரையில்.

அதிகாரியும் குடும்பத்தோடு சாமி பார்க்க மேலே வந்திருந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். ‘பரவால்லயே தம்பி, ஆள் சேத்துட்டீங்க. திங்கக்கிழம வேற நான் எதுக்கு வரணும்? இதையே எழுதிடுறேன்.’

செந்தில் என் காலை மிதித்தான்.

‘இவங்க மாங்கனிக்கு வந்தவங்க சார். வேலைக்கு ரெண்டு பேருதான்.’

அவர் கையிலிருந்த மாம்பழத்தை வீசாமல் பைக்குள் போட்டார். அப்படியானால் மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுங்கள், கோப்பு புதுச்சேரிக்குப் போய்விடும், தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

கயல்: ‘ஒரு நாள் வாய மூடிட்டு இருந்தா செத்தா போயிடுவ?’

ஒவ்வொருவராகக் கேட்டேன். ஓசூர், வீட்டுக் கடன். பெங்களூரு, யோசிக்கிறேன். மற்றவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் கயல். ஜன்னலோர மேசையைக் காட்டினேன்.

‘எடம் இருக்கு, சரி. நான் வந்து உக்காந்தா நாளைக்குக் காலைல என்ன செய்யணும்? அதச் சொல்லு.’

ஒரு வருடமாக நாற்காலிதான் எண்ணியிருக்கிறேன்.

தண்ணீர் வாங்கக் கீழே போனவள் பாயோடு திரும்பி வந்தாள். அவர் போனில் நெடுங்காட்டு அக்கா ஒருத்தி: ‘பாய், தொவரம்பருப்பு ரெண்டு கிலோ. போன தடவ மாதிரி கல்லு இருக்கக் கூடாது, ஆமா.’ கயல் பால்கனியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து, அந்தக் குரலைப் பில்லாக்க நிரல் எழுதத் தொடங்கினாள். மேளச் சத்தம் தேய்ந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை. இந்த முறை பின்னால் நின்றது நான்.

முதல் பில்: துவரம்பருப்பு 2 கிலோ. கல் 2 கிலோ.

பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ‘இதச் சரி பண்ணிக் குடுங்க தம்பி, நான் எடுத்துக்கிறேன். திருநள்ளாறுல மச்சான் கடை இருக்கு, அவரும் எடுப்பாரு, இன்ஷா அல்லாஹ். மாடி போனா போவட்டும். என் குடோன்ல பாதி சும்மாதான் கெடக்கு.’

கயல் ராத்திரி பஸ்ஸில் போய்விட்டாள். எழுதியது என் கணினியில். ‘கல்ல நீ எடுத்துடு’ என்றாள்.

ஜூலை 12, சனி

விடியற்காலை மழை. ஏழு நாற்காலி நனைந்திருந்தன, உள்ளே போட்டாயிற்று. எட்டாவது ஜன்னலோரம், அவள் விட்டுப்போன கோணத்திலேயே. செந்தில் அதில் உட்காரப் போனான். வேறு ஒன்றைக் காட்டினேன். சிரித்தான்.

கீபோர்டில் ஒரு விசை மாம்பழச் சாறு காய்ந்து ஒட்டுகிறது. துடைக்கவில்லை.

இனி:

1. பாயிடம் மன்னிப்பு. சுற்றி வளைக்காமல்.
2. கல்லை எடுப்பது. வேண்டாம் என்று சொன்னது பில்லில் வரக் கூடாது.
3. பூவம், நெடுங்காடு குரல்கள் இன்னும் நிறைய வேண்டும். செந்திலின் சித்தப்பா பையன்களில் டைப்பிங் தெரிந்தவனைத் திங்களன்று வரச் சொல்வது. நிஜ வேலைக்கு.
4. சாவியை நானே கொண்டுபோய்க் கொடுப்பது. மேசை, நாற்காலி குடோனுக்கு.
5. கயலுக்குப் போன். காலையில் வந்தால் என்ன வேலை என்று சொல்வதற்கு. நாற்காலி பற்றிப் பேசக் கூடாது.