பட்டத்தை அனுப்ப வேண்டாம்

ஐடஹோ, ஜனவரி

அன்புள்ள அம்மாவுக்கு, லொரெட்டா எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஒரு வேடிக்கை கேள். கல்லூரிப் பருவத்தின் முதல் நாள், நான் நடத்த வேண்டிய வகுப்புக்குள் நுழைந்தால் ஹால்வர்சன் சார் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் வகுப்பில் ஆள் சேரவில்லையாம். நிரந்தர ஆசிரியர் என்பதால் என்னுடையதை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே அதுதான் வழக்கம். "உங்கிட்ட யாருமே சொல்லலையா லொரெட்டா?" என்று அவர்தான் கூச்சப்பட்டார். எனக்கு மாலை வகுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது, கவலைப்படாதே.

வெளியே வந்தால், போன பருவத்தில் என்னிடம் படித்த யெசேனியா ஓடிவந்தாள். "மிஸ், நானும் உங்கள மாதிரியே ஆன்லைன்ல எம்.ஏ. முடிச்சு இங்கயே டீச்சராகப் போறேன். உங்க ரூம் எங்க, பேசணும்." பகுதிநேர ஆசிரியருக்கு ஏது அறை? காரில் உட்கார்ந்து பேசினோம். பின்சீட்டில் தலையணையைப் பார்த்துவிட்டு, "ஊருக்குக் கிளம்பிட்டீங்களா மிஸ்?" என்றாள். சிரித்துவைத்தேன். அந்தப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவின் கனத்த கம்பளியைக் கல்லூரி முகவரிக்கு அனுப்பு. கண்ணாடி போட்டு வைத்திருக்கிறாயே என் எம்.ஏ. பட்டம், அது அங்கேயே இருக்கட்டும். இங்கே மாட்டச் சுவர் இல்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் லொரெட்டா