முனி வளைவும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ போன பிறகு மூலையில் கிடந்த உன் நாலு சக்கர பைக்கை இன்றைக்கு நான்தான் கழற்றினேன். எல்ல ஊரில் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிய பழைய ஏ.டி.வி.யை நீ வாங்கி வந்தபோது ஸ்பிரிங்வெளி லயத்து வீடெல்லாம் கூடிச் சிரித்தது. பிறகு அதே லயம்தான் உர மூட்டைக்கும் பிரசவ வலிக்கும் உன்னைத் தேடி வந்தது.

நாளைக் காலையில் அண்ணி அதை ஓட்டப் போகிறாள். மேட்டுத் தோட்டத்தில் போஞ்சிக் காய் முற்றிக்கொண்டிருக்கிறது, சுமந்து இறக்க ஆள் இல்லை. வேண்டாமென்றால் கேட்கிற மனுஷியா அவள்?

முனி வளைவில் வண்டி கவிழ்ந்து நீ செத்ததை, முனி அடித்தது என்று லயத்தில் இன்னும் சொல்கிறார்கள். நான் மட்டும் தேய்ந்த பிரேக் பேட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பதுளையில் புதுசு வாங்கி வந்து, கல் அடுக்கி வண்டியைத் தூக்கினேன்.

பின் சக்கரத்துப் பேட் இரும்பு வரை தேய்ந்திருந்தது. அது உனக்கும் தெரியும், முன் பிரேக்கை நம்பித்தானே ஓட்டினாய்? அதன் பேட்டையும் கழற்றினேன். பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் கறுத்து வழவழவென்று. நகத்தால் சுரண்டினால் எண்ணெய்ப் பிசுக்கு.

நீ போனது ஆயுத பூசைக்கு மறுநாள். பூசைக்காக வண்டியைக் கழுவி, தேங்காயெண்ணெய் தொட்டு மினுக்கியது அண்ணி. முன் சக்கரத்தில் பேட் பிடிக்கிற அந்த டிஸ்க்கையும் விடாமல் எண்ணெயால் துடைத்திருக்கிறாள். ஆசையாகச் செய்தாள், அண்ணே. எண்ணெய் பட்ட பேட் வழுக்கும், பிடிக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

பழைய பேட்களைச் சாக்கில் முடிந்து விறகுக்குப் பின்னால் வைத்தேன். டிஸ்க்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புதுசை மாட்டி, லீவர் இறுகும் வரை அமுக்கினேன். நிமிர்ந்தால் வண்டிக்குப் பூசை போட அண்ணி நிற்கிறாள், ஒரு கையில் எலுமிச்சம்பழம், மற்றக் கையில் எண்ணெய்ப் போத்தல்.

"எண்ணெய் வேணாம் அண்ணி. முனிக்கு ஆகாதாம், பூசாரி சொன்னாரு."

அவள் போத்தலைப் பார்த்தாள். பிறகு டிஸ்க்கைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து ஆகாது, வசந்தி?"

நான் கழற்றிப் போட்ட கல்லை அடுக்கக் குனிந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

பழியை முனியே சுமக்கட்டும் என்றுதான் பொய் சொன்னேன். பூசாரி எதையும் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். அவள் மறுபடி கேட்டால் என்ன சொல்வேன்?

இதுவரை எழுதிவிட்டு விறகு எடுக்கப் போனேன். சாக்கு அவிழ்ந்து, எண்ணெய்ப் பேட்கள் வெளியே கிடக்கின்றன; அண்ணி பார்த்துவிட்டாள். பொழுது இறங்கியும் அண்ணி அறையில் விளக்குப் போடவில்லை. கதவில் காதை வைத்தேன். உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

போஞ்சி முற்றினால் முற்றட்டும், அண்ணே. நாளைக்கு வண்டி நகராது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. இப்போதே அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். உன்னை அந்த வளைவுக்குத் தனியாக விட்டோம். அவளை விட மாட்டேன், சத்தியம்.

உன் தங்கச்சி, இனி அவளுக்கும் தங்கச்சி,
வசந்தி