நான் இல்லாத பாட்டு

சனிக்கிழமை இரவு, புத்தூர்.

இன்று காலை வடமாலபேட்டை தாண்டியதும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டேன். திருப்பதிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் வேன் நிறைய இருந்தார்கள். முன் சீட்டில் இருந்த ரோஸி கத்தியிராவிட்டால் புளியமரத்தில் மோதியிருப்பேன்.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். ரோஸி எங்கள் சபைப் பெண்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டி, "நைட்டெல்லாம் ஜெபம் பண்ணிக்கினு இருந்தீங்களே அண்ணா, அதான் ஆண்டவர் நம்மள காப்பாத்தினார்" என்றாள். நானும் தலையாட்டினேன். அதுதான் இப்போது தூங்க விடவில்லை.

நேற்று முழு இரவு ஜெபம். "காலையில டூட்டி இருக்குதே, போய் படுங்க பிரதர்" என்று பாஸ்டர் அப்போதே சொன்னார். நான் போய்விட்டால் பாட்டை யார் எடுப்பார்கள் என்று நினைத்து, விடியும்வரை மைக்கை விடவில்லை. அதை ஊழியம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவர் கொடுத்த உடம்பையும், என்னை நம்பி ஏறியவர்களின் உயிரையும் அந்த மைக்குக்காகப் பணயம் வைத்திருக்கிறேன்.

இன்றும் அடுத்த தெருவில் வீட்டு ஜெபம். நாளை ஞாயிறானாலும் காலையில் வண்டி எடுக்க வேண்டும், வரவில்லை என்று பாஸ்டரிடம் சொன்னேன். "நல்லது பிரதர்" என்று போனை வைத்துவிட்டார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேனோ?

பாட்டு இங்கே கேட்கிறது. ரோஸிதான் எடுக்கிறாள். சுருதி தப்புகிறது, ஆனாலும் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். எழுந்து போய்ச் சரிசெய்யக் கால் பரபரக்கிறது.

ஆண்டவரே, என்னைப் படுக்க வையும்.