மலை கிழக்கே நிற்கும் வீடு

என் அருமை அம்மாவுக்கு,

ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். வாடகைக்கு இல்லை அம்மா, நமக்கே. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து சிநேகிதிகளிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

வீடு கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். விற்கிறவர் சரோஜா அம்மா. மகனோடு இருக்கக் கீழ்பென்னாத்தூருக்குப் போகிறார். முதல் நாள் பார்க்கப் போனபோது, அப்பா தையல் கடையிலிருந்து டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து சமையலறையை இரண்டு முறை அளந்தார்.

"இன்னாண்ணே, வீட்டுக்கு சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் தரகர் ஏழுமலை அண்ணன்.

அப்பா சிரிக்கவில்லை. எது வாங்கினாலும் உன் முகத்தைப் பார்த்தே தலையாட்டிப் பழகியவர். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

பத்திரத்தின் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு வந்தோம். நம் வீட்டில் காகிதங்களைப் படிப்பவள் நீ. கேஸ் பில்லைக்கூட ஒரு வரி விடாமல் படிப்பாய். அந்த வேலை இப்போது எனக்கு. பென்சிலை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு, செக்குபந்தி என்கிறார்கள். அதை மனப்பாடமே செய்துவிட்டேன். மேற்கில் பொதுப் பாதை என்று அதில் இருந்தது.

நேற்று முன்பணம் கொடுக்கப் போனோம். காலையிலேயே வானம் மூடிக்கொண்டிருந்தது. வாசலில் இறங்கி நின்று பார்த்தேன். பின்னால் மலை, முன்னால் பாதை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து மலை மேற்கில்தான். மலை மேற்கு என்றால் பாதை கிழக்கில் அல்லவா இருக்கிறது? இது வேறு வீட்டின் பத்திரம்!

தட்டில் வெற்றிலையெல்லாம் வைத்தாகிவிட்டது. நான் எல்லார் முன்னாலும், "அப்பா, பணம் குடுக்காதீங்க. பத்திரத்துல இருக்கிற வீடு இது இல்ல. நம்மள ஏமாத்துறாங்க" என்றேன்.

அப்பா பணக் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "கிளம்பலாம் மலரு" என்றார். உன் நகையும் அவருடைய பத்து வருடத் தையலும் அந்தக் கவருக்குள் இருந்தன.

"இன்னா பாப்பா, பொசுக்குனு இப்படிச் சொல்லிட்ட? சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்க, தெரியும்ல?" என்று ஏழுமலை அண்ணன் குரலை உயர்த்தினார்.

சரோஜா அம்மா அவரைக் கையமர்த்தினார். முகம் சிவந்திருந்தது. "இரு ஏழுமலை. பாப்பா, எதை வெச்சு சொல்ற?"

எல்லையை ஒப்பித்தேன். மலையைக் காட்டினேன்.

"உங்க வீடு எங்க?"

"கோயிலுக்குப் பக்கத்துல."

"அதான். அங்க சூரியன் மலைக்குப் பின்னால போய் விழும். இங்க மலைக்குப் பின்னாலருந்துதான் வரும். வெயில் அடிச்சிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். நீ மலைக்கு இந்தப் பக்கம் வந்துட்டம்மா."

அம்மா, எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உன் கையைப் பிடித்துக்கொண்டு மலையைச் சுற்றியவள் நான். சுற்றிவந்தால் மலை திசை மாறும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? நீயாவது யோசித்தாயா?

"மன்னிச்சிடுங்க. ஏமாத்துறீங்கன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"அந்த வார்த்தை மட்டும்தான் ஜாஸ்தி" என்றார் அவர். "மத்தபடி படிச்சுட்டுத்தானே கேட்ட. படிக்காம வாங்குறவங்கதான் பின்னாடி வந்து சண்டை போடுவாங்க. நான் உங்களுக்கே குடுக்கிறேன்."

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப இது மேற்குப் பார்த்த வாசலாம்மா?"

"ஆமா தம்பி. மறைக்க மாட்டேன். சாயங்காலம் வெயில் அடிக்கும். ஒரு பாய் கட்டித் தொங்கவிட்டா கம்மியாயிடும்."

அப்பா வாசலில் நின்று யோசித்தார். நீ இருந்திருந்தால் மேற்கு வாசல் வேண்டாம் என்றிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. அவர் டேப்பை எடுத்து வாசலின் அகலத்தை அளந்தார். "பாய் எதுக்கு, கித்தான்ல நானே தைச்சிடுவேன்" என்று சொல்லிச் சிரித்தார். எத்தனை நாளுக்கப்புறம்! கவரைத் தட்டில் வைத்தார்.

இனி வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். வங்கியில் கடன் கேட்க வேண்டும். குடிபோக எப்படியும் மாதங்கள் ஆகும். ஆனால் ஒரே ஒரு கவலை இப்போதே வந்துவிட்டது. உன் திதியன்று நீ எங்களைத் தேடி வந்தால் கோயில் பக்கத்து வாடகை வீட்டுக்குத்தானே வருவாய்?

அதனால் வழி சொல்கிறேன், கேட்டுக்கொள். கிரிவலப் பாதையில் வழக்கம்போல மலையை வலக்கைப் பக்கம் வைத்து நட. அடி அண்ணாமலை வந்ததும் இடப்பக்கம் மூன்றாவது சந்து. உள்ளே நீலக் கதவு. கதவைப் பார்த்து நின்றால் கூரைக்கு மேலே மலை தெரியும். மலையைப் பார்த்து, இது மேற்கு, தப்பான வீடு என்று என்னைப் போலத் திரும்பிவிடாதே. அதுதான் நம் வீடு.

இனி வரும் ஒவ்வொரு காகிதத்தையும் உன்னைப் போலவே கடைசி வரி வரை படிப்பேன். தெரியாததை முதலில் கேள்வியாகக் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் காகித வேலையை ஏற்றுக்கொண்ட மகள்,
மலர்