கியர் வலது காலில்

பிப்ரவரி 11, ஞாயிறு

வாங்கிவிட்டேன். சிவப்பு கூட்ஸி மோட்டார் சைக்கிள், 1954-ஆம் வருடத்து வண்டி. ஓடாது. எவனுடைய கோழிக்கூட்டிலோ கிடந்தது, சீட்டெல்லாம் எச்சம். டிராக்டர் மெக்கானிக் திசியானோ, என்னோடு பள்ளியில் படித்தவன், டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். என் மனைவி லோரெதானா வாசலில் நின்று பார்த்தாள்.

"வீட்ல ஏற்கனவே ஒரு பழசு நகராம உக்காந்திருக்கு. துணைக்கு இன்னொண்ணா?"

திசியானோ சிரித்தான். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. காலையில் சீஸ் ஆலையிலிருந்து நேராக வந்தவன்.

மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பால் வரும், காய்ச்ச வேண்டும். முப்பத்தெட்டு வருடமாக இதே கதை. செப்டம்பரில் சதுக்கத்தில் பாதிரியார் மோட்டார் சைக்கிள்களுக்குத் தீர்த்தம் தெளித்து ஆசி தருவார். ஊரே அங்கே இருக்கும். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. இந்த வருடம் அந்த ஒரு ஞாயிறு லீவு கேட்டிருக்கிறேன். கிட்னியைக் கேட்டதுபோல முதலாளி பார்த்தார். கடைசியில் சரி என்றார். சதுக்கத்துக்குள் நான் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மார்ச் 6

தோள்பட்டை வலி. ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்தேன். வண்டியும் என்னைப் பார்த்தது. வேலை ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 24

இந்த எஞ்சினுக்கு ஒரு பெரிய சக்கரம் வெளியிலேயே சுற்றும். சலாமி இறைச்சியை வில்லை வில்லையாக வெட்டும் மெஷின் என்றுதான் எல்லோரும் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். லோரெதானாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப ஈஸ்டருக்கு சலாமி வெட்டவாவது ஆகும்."

ஏப்ரல் 19

பிஸ்டன் இறுகிப்போயிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். இன்று லோரெதானா வந்து, தரையில் சாக்கை விரித்து, சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள்,

"உனக்காக இல்ல. டிவில ஒண்ணும் நல்லா இல்ல."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை காலம் ஆகிறது? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜூன் 2

எதுக்கு இதெல்லாம்? யாரு கேட்டா? முடியல.

ஜூலை 14

கிளம்பிடுச்சு!

ஏழெட்டு உதை. இரண்டு இருமல். பிறகு மெதுவாக, நிதானமாக, இரண்டு அடிக்கு நடுவில் ஒரு வாய் காபி குடிக்கலாம் போல ஒரு சத்தம். அழுதேன். லோரெதானா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 25

பூசணித் தோட்டத்தில் விழுந்தேன்.

இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தெரியாதா எனக்கு? தெரியும். கழற்றி மாட்டியதே நான்தான். ஆனால் நான் ஓட்டிய மற்ற வண்டி எல்லாம் இதற்கு நேர்மாறு. ஆற்றுக் கரை ரோட்டு வளைவில் வலது கால் பிரேக் என்று நினைத்து மிதித்துவிட்டது. கியர்தான் மாறியது. நான் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

எலும்பு முறியவில்லை. டேங்கில் ஒரு சொட்டை. பூசணிக்காரர் ஓடிவந்து முதலில் பூசணியைத்தான் பார்த்தார்.

செப்டம்பர் 1

வீட்டு முற்றத்திலேயே மறுபடி ஓட்டிப் பார்த்தேன். துணி காயும் கம்பத்தில் மோதினேன். அதே கால். அதே தப்பு.

"அந்தக் காலை வெட்டிப் போடுடா, வேற வழி இல்ல," என்றான் திசியானோ. பிறகு, "டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பொணத்தையா ஏத்தறோம்? வேணாம். ஆசி தரும் நாளான பதினைந்தாம் தேதி வேலைக்கே வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லப்போகிறேன். எவ்வளவு சுலபமாக விட்டுவிட்டேன்! அதுதான் வலிக்கிறது.

செப்டம்பர் 4

"முதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத." லோரெதானா தன் பழைய கார் லைசென்ஸை மேஜையில் வைத்தாள். எண்பத்து மூன்றில் வாங்கியது. அந்தக் காலத்து லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மோட்டார் சைக்கிளும் ஓட்டலாம். எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், எனக்குத்தான் அது அவளுக்கும் சேர்த்து என்று தோன்றவே இல்லை.

"உனக்கா? நீ ஓட்டினது கியர் இல்லாத மொபெட்."

"அதான் சொல்றேன், கிழவா. உன் காலுக்கு எல்லாம் தெரியும். என் காலுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னதைக் கேக்கும்."

செப்டம்பர் 11

தினமும் சாயங்காலம் கரை ரோட்டில் ஓட்டுகிறாள். திசியானோ சைக்கிளில் பின்னாலேயே போய்க் கத்துகிறான். இன்று உதைத்துக் கிளப்பவும் வந்துவிட்டது அவளுக்கு. பொறாமையாக இருக்கிறது. இருக்கட்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சதுக்கத்துக்குள் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவள் இடுப்பில் வைத்தேன். பாதிரியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, "வண்டி உன்னுதா, எர்மெஸ்?" என்றார்.

"அவளுது," என்றேன். அவள் மறுக்கவில்லை.

திரும்பும்போது அந்தப் பூசணித் தோட்ட வளைவு. என் வலது கால் தானாக மிதித்தது. அங்கே கால் வைக்கும் கம்பி மட்டும்தான். ஆனாலும் வண்டி மெதுவானது, அவள் இடது காலால்.

"பின்னாடி தூங்கிட்டியா?"

"இல்ல."

"தூங்கு. நான் ஓட்டறேன்ல."

அவள் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கரை ரோடு முடியும் வரைக்கும் எடுக்கவில்லை.